ஏடே விளக்கான கதை



எழுத்து என்பது ஒளியும் இருளும் கூடிச் செய்யும் ஒரு காரியமாகும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வாசிப்பு இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை மையினால் எழுதியதையும், கரிய பலகையிற் கரித்துண்டினால் எழுதியதையும் எவரும் வாசித்தறிந்ததில்லை. ஆதலின், எழுதுபவன் எக்காலத்திலும் தன்னை ஒரு கேள்வி கேட்டே தீரவேண்டியிருந்தது: எழுத்து கருமையா, எழுதப்படும் பரப்புக் கருமையா? இன்று கணினியிலோ கைத்தொலைபேசியிலோ இணைய உலாவியைத் திறப்பவர் முன்னும் அதே கேள்வி வந்து நிற்கின்றது. வெண்திரையிற் கரிய எழுத்து வேண்டுமா, கருந்திரையில் வெளிய எழுத்து வேண்டுமா என்று அமைப்புப் பக்கத்திலே ஒரு தெரிவு கொடுக்கப்பட்டிருக்கின்றது. இது நேற்றுத் தோன்றிய நாகரிகம் என்று எண்ணுவோர் பலர். ஆனால் இதன் வரலாறு நீண்டது. அதனுள் ஒரு வழக்கும் அடங்கியிருக்கின்றது. வாசிப்பவனுடைய கண்ணுக்கு எவ்வளவு ஒளி செல்லவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருடையது என்பதே அவ்வழக்கு.

பனை மரங்கள் நிறைந்த நம் வடபுலத்தில் இருந்தே தொடங்குவோம். பதப்படுத்திய பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதும்போது அங்கே மை எதுவும் இல்லை. ஓலை கீறப்படுகின்றது; அவ்வளவே. கீறிய எழுத்துக்கு ஓலையின் நிறமே நிறமாதலால், பழகாத கண்ணுக்கு அது தென்படுவதில்லை. பின்னர் விளக்குக் கரியை இலைச்சாற்றுடன் குழைத்து ஏட்டின்மேல் தடவித் துடைத்தார்கள். பரப்பில் இருந்த கரி துணியோடு போயிற்று. கீறலுக்குள் இறங்கிய கரி நின்றுவிட்டது. அப்போதுதான் எழுத்து எழுந்து நின்றது. திண்ணைப் பள்ளியிற் புதிய சுவடிக்கு இவ்வாறு மையூட்டுவதை ஒரு சடங்காகவே நம் முன்னோர் கொண்டாடினர். விளக்கின் புகையே எழுத்தின் கருமையாயிற்று என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். விளக்குக்கும் ஏட்டுக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது.

அச்சு வந்தபின் வெள்ளைத் தாளும் கரிய மையும் வழக்காயின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் அமைத்து நூல்களைப் பதிப்பித்தபோது, வடபுலத்து வாசகருக்கு வெள்ளையிற் கறுப்பே எழுத்தின் இயற்கையான கோலம் என்று ஆகிவிட்டது. ஆயினும் அதே நூற்றாண்டிலே பள்ளிக்கூடங்களுக்குள் வந்த சிலேற்றும் கரும்பலகையும் நேர்மாறானவை. கரிய கல்லில் வெளிய கோடு. ஒரே வகுப்பறையில் மாணவனின் மடியில் வெண்திரையும் ஆசிரியரின் முதுகுப்புறத்திற் கருந்திரையும் இருந்தன. இரண்டையும் மாறிமாறிப் பார்த்தே தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் படித்தார்கள். எது கண்ணுக்கு உகந்தது என்று அன்று யாரும் விவாதித்ததாகத் தெரியவில்லை. சுண்ணக்கட்டி மலிவு, எழுதியதை அழிக்கலாம், பின்வாங்கிலில் இருப்பவனுக்கும் தெரியும். அவ்வளவில் வேலை முடிந்தது.

இனிக் கிளிநொச்சிக்கு வருவோம். இரணைமடுக் குளத்து நீரை நம்பி 1930 களிற் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கி, நெல்வயல்களின் நடுவே வளர்ந்த ஊர் அது. 1984 இல் தனி மாவட்டமாயிற்று. அங்கே வந்து குடியேறிய முதல் தலைமுறையின் பிள்ளைகள் அரிக்கன் லாம்பின் வெளிச்சத்திலே படித்தார்கள் என்றால் அது வியப்பன்று. அக்காலத்தில் இலங்கையின் கிராமங்களிற் பெரும்பாலானவற்றின் நிலை அதுவே. வியப்புக்கும் துயரத்துக்கும் உரியது, அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அவ்வாறே, அதனினும் குறைந்த ஒளியிலே படிக்க நேர்ந்தமையாகும். 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதி தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டது. மண்ணெண்ணெய் கட்டுப்படுத்தப்பட்ட பண்டங்களில் ஒன்றாயிற்று. அந்நிலையிலே மக்கள் ஒரு விளக்கை உண்டாக்கினார்கள். வெறுமையான ஜாம் போத்தல் ஒன்று. அதன் அடியிற் சிறிது பஞ்சு. அப்பஞ்சை நனைக்குமளவுக்கு எண்ணெய். ஒரு மெல்லிய திரி. போத்தலின் கண்ணாடிச் சுவரே காற்றுக்கு மறைப்பாயிற்று. லாம்பொன்று ஓர் இரவிற் குடிக்கும் எண்ணெயைக் கொண்டு இதனைப் பல இரவுகள் எரிக்கலாம். பரீட்சைக்குப் படித்த ஒரு தலைமுறை முழுவதும் இந்த ஜாம் போத்தல் விளக்கை அறியும். (வானொலி கேட்பதற்காகத் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் பெற்ற கதையும் அக்காலத்தது. செய்தி கேட்பதற்கு இவ்வளவு உடலுழைப்பைச் செலவிட்ட நேயர்கள் உலகில் வேறெங்கேனும் இருந்தார்களோ, அறியேன்.)

அந்தப் போத்தல் விளக்கின் முன் விரிக்கப்பட்ட பாடப்புத்தகத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். தாள் வெள்ளைதான். ஆயினும் அது அந்த அறையில் வெள்ளையாக ஒளிரவில்லை. விளக்கு எவ்வளவு ஒளியைக் கொடுத்ததோ அதில் ஒரு பங்கையே தாள் திருப்பிக் கொடுத்தது. மஞ்சட் சுடராயின் தாளும் மஞ்சள், மங்கிய சுடராயின் தாளும் மங்கல். பகலிலே முற்றத்திற்கு எடுத்துச் சென்றால் அதே தாள் பளிச்சென்று ஒளிரும். அதாவது, தாள் தான் இருக்கும் இடத்துக்கு ஏற்பத் தன்னைத்தானே அடக்கிக்கொள்கின்றது. அதற்குச் சொந்த ஒளி இல்லாமையே அதன் நற்பண்பு. திரையோ அவ்வாறன்று. இருட்டறையிலும் நண்பகலிலும் அது தன் ஒளியைத் தானே வீசுகின்றது. முன்பு ஏட்டை விளக்கின் அருகே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. இப்போது ஏடே விளக்காகிவிட்டது. விளக்காகிய ஏட்டைக் கண்ணுக்கு நேரே பிடிக்கும்போதுதான், அதன் திரியைத் தாழ்த்துவது எவ்வாறு என்ற கேள்வி பிறக்கின்றது.

முதலில் வந்த கணினித் திரைகள் கரியவையே. அது எவருடைய இரசனையாலும் நேர்ந்ததன்று. இயந்திரத்தின் இயல்பு அது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போன்ற வெற்றிடக் குழாயினுள்ளே ஓர் இலத்திரன் கற்றை பாய்ந்து, கண்ணாடியின் உட்புறத்துப் பூச்சைத் தாக்கும். தாக்கிய இடம் ஒளிரும். மற்ற இடம் இருண்டே கிடக்கும். எழுத்தை மட்டும் ஒளிரச் செய்வது எளிது. திரை முழுவதையும் வெண்மையாக்கினால் அது துடிதுடிக்கும். ஒளி மிகுந்தோறும் துடிப்பும் கண்ணுக்கு மிகுதியாகத் தெரியும். எனவே கரிய திரையும் பச்சை எழுத்தும் நெடுங்காலம் நிலவின. ஐ.பி.எம். நிறுவனம் 1981 இல் தன் சொந்தக் கணினியுடன் விற்ற ஒற்றைநிறத் திரையும் பச்சையே.

ஆனால் அதற்கு முன்பே, 1973 இல், ஜெரொக்ஸ் நிறுவனத்தின் பலோ ஆல்ட்டோ ஆய்வுகூடத்தில் உருவான ஆல்ட்டோ என்னும் கணினி தாளைப் பின்பற்றி நின்றது. அதன் திரை தாளைப் போல நெடுக்காக நிமிர்ந்தது. வெண்மையிற் கருமை எழுத்தைக் காட்டியது. அச்சிடப்போகும் பக்கத்தைத் திரையிலும் அவ்வாறே காணவேண்டும் என்பது அதை அமைத்தோர் நோக்கம். 1984 இல் வந்த அப்பிள் மக்கின்டோஷ் அவ்வழியைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது. காரியாலயங்கள் தாளைச் சார்ந்திருந்தமையால், திரையும் தாளின் வேடத்தைப் பூண்டது.

இவ்விரண்டுக்கும் இடையில், 1978 இல், ஒரு சிறு சம்பவம் நிகழ்ந்தது. டிஜிட்டல் என்னும் நிறுவனம் வெளியிட்ட வி.டி.100 என்ற முனையத்தின் அமைப்புப் பக்கத்திலே, திரையின் பின்னணி கருமையா வெண்மையா என்று பாவிப்பவரே மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தது. ஒரு விசையை அழுத்தினாற் போதும், திரை முழுவதும் தலைகீழாகும். வரலாற்றாசிரியர் பலர் இதைக் கண்டுகொள்வதில்லை. என் கருத்தில், இன்று நாம் பேசும் தெரிவுக்கு மூத்த அண்ணன் இதுவே.

இனி இணையத்தின் காலம். தொடக்ககால உலாவிகளின் பின்னணி வெண்மையுமன்று, கருமையுமன்று; சாம்பல் நிறம். பக்கத்தை எழுதியவர் சொற்களைத் தந்தார்; அவை எந்த நிறத்தில், எந்த அளவில் தோன்றவேண்டும் என்பதைப் பெரும்பாலும் வாசிப்பவருடைய உலாவியே தீர்மானித்தது. 1995 அளவில் நெற்ஸ்கேப் உலாவி, பக்கத்தை எழுதுபவரே பின்னணி நிறத்தைக் குறிக்க இடங்கொடுத்தது. அன்றிலிருந்து நிறங்களின் திருவிழாத் தொடங்கிற்று. மஞ்சளிற் சிவப்பு, நீலத்திற் பச்சை என்று எழுதியவர் விருப்பம் வாசிப்பவர் கண்ணில் வந்து விழுந்தது. இதனை அறிந்தே போலும், அதே நெற்ஸ்கேப் தன் விருப்பத்தெரிவுப் பக்கத்தில் 'எப்போதும் என் நிறங்களையே பாவிக்க' என்னும் பொருளில் ஒரு கட்டத்தையும் வைத்திருந்தது.

எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் இடையிலான இவ்வழக்கை முறையாகத் தீர்க்க முயன்றவர் நோர்வே நாட்டவரான ஹோக்கன் வியும் லீ. ஜெனீவா நகரின் சேர்ன் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய அவர், 1994 ஒக்ரோபரில் ஒரு முன்மொழிவை வெளியிட்டார். பக்கத்தின் தோற்றத்தை ஆசிரியரும் சொல்லலாம், வாசகரும் சொல்லலாம். ஒவ்வொருவருடைய சொல்லுக்கும் நூற்றுக்கு இத்தனை பங்கு செல்வாக்கு என்று கணக்கிட்டு, இருவருக்கும் பொதுவான ஒரு தோற்றத்தை உலாவி காட்டலாம் என்பது அதன் சாரம். ஊர்ப் பஞ்சாயத்தை நினைவூட்டும் இந்த யோசனை நடைமுறைக்குக் கடினமாயிருந்தது. ஒல்லாந்தரான பேர்ட் பொஸ் அவருடன் சேர்ந்துகொண்டார். 1996 டிசெம்பரில் அவர்களுடைய நடைதாள் விதிமுறையின் முதற் பதிப்பை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்டது. நூற்றுவீதக் கணக்கு அதிலே கைவிடப்பட்டு, ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. சாதாரணமாக ஆசிரியர் சொல்லே செல்லும். வாசகர் ஒரு விதியை 'முக்கியம்' என்று குறித்தால் அது ஆசிரியரின் சாதாரண விதியை மேவும். ஆயின் ஆசிரியரும் 'முக்கியம்' என்று குறித்துவிட்டாலோ, ஆசிரியரே வெல்வார்.

இறுதி வார்த்தை எழுதியவருடையதாக இருந்த இந்த ஏற்பாடு நெடுநாள் நிலைக்கவில்லை. பார்வை குறைந்தவரும், ஒளியைப் பொறுக்கமாட்டாதவரும், குறித்த சில நிறங்களை வேறுபடுத்தி அறிய இயலாதவரும் தமக்கேற்ற தோற்றத்தை அமைத்துக்கொள்வது எங்ஙனம்? 1998 மே மாதத்தில் வந்த இரண்டாம் பதிப்பிலே இவ்வொழுங்கு தலைகீழாக்கப்பட்டது. இருவரும் 'முக்கியம்' என்று குறித்தால் வாசகர் சொல்லே செல்லும் என்று விதிக்கப்பட்டது. ஒரு வரியளவான மாற்றம்தான். ஆனால் அச்சு வரலாற்றிலே எந்த வாசகனுக்கும் கிட்டாத உரிமை அது. புத்தகம் வாங்கியவன் அதன் எழுத்தின் நிறத்தை மாற்றக்கூடும் என்று நாவலர் காலத்தில் யார்தான் நினைத்திருப்பார்!

உரிமை ஏட்டில் எழுதப்பட்டதே தவிர, நடைமுறையிற் சிலரே அதைக் கையாண்டனர். லீ 1999 இல் சேர்ந்த ஒப்பெரா நிறுவனத்தின் உலாவியில் 'ஆசிரியர் முறை', 'பாவனையாளர் முறை' என்று இரண்டிடையே ஒரு பொத்தானால் மாறும் வசதி இருந்தது. மற்ற உலாவிகளில் வாசகர் தாமே விதிகளைக் கோப்பொன்றில் எழுதி வைக்கவேண்டும். அதற்குக் கணினி மொழி தெரியவேண்டும். பாவிப்போர் குறைவு என்பதால் கூகுள் குரோம் 2014 இல் அவ்வசதியை அகற்றியது. பயர்பொக்ஸ் அதை 2019 முதல் ஒரு மறைவான அமைப்பின் பின்னால் வைத்தது. கதவு பூட்டப்படவில்லை, ஆனால் கதவிருக்கும் இடம் பலருக்குத் தெரியாமற் போயிற்று.

அவ்வேளையிலேதான் கருந்திரை வேறொரு வாசலால் உள்ளே வந்தது. கைத்தொலைபேசிகளிற் புதிய வகைத் திரைகள் பொருத்தப்பட்டன. பழைய திரவப் பளிங்குத் திரைக்குப் பின்னே எப்போதும் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கருமையைக் காட்டும்போதும் அவ்விளக்கு அணைவதில்லை, மறைக்கப்படுவதே. புதிய திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி விளக்கு. கருமை என்றால் அப்புள்ளி அணைந்துவிட்டது என்பதே பொருள். இருண்ட பக்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்ற எண்ணம் இதிலிருந்து பரவிற்று. அப்பிள் நிறுவனம் 2018 செப்ரெம்பரில் தன் கணினிகளுக்கும், ஓராண்டின் பின் ஐபோனுக்கும் இருள் முறையைக் கொண்டுவந்தது. அன்ட்ரொயிட்டின் பத்தாம் பதிப்பும் 2019 செப்ரெம்பரில் அவ்வாறே செய்தது.

கருவி இருண்டாலும் இணையப் பக்கம் வெள்ளையாகவே இருந்தால் பயன் என்ன? எனவே உலாவி வாசகரின் விருப்பத்தைப் பக்கத்துக்கு அறிவிக்க ஒரு வழி வகுக்கப்பட்டது. 2019 மார்ச்சில் சபாரி, மே மாதத்திற் பயர்பொக்ஸ், யூலையிற் குரோம் என அடுத்தடுத்து அதை ஏற்றன. பக்கம் கேட்கின்றது: இவர் விரும்புவது ஒளியா, இருளா? உலாவி விடை சொல்கின்றது. பின்னர் பக்கம் தன்னிடமுள்ள இரண்டு உடைகளில் ஒன்றை அணிந்துகொள்கின்றது. தொடக்கத்தில் 'விருப்பம் ஏதுமில்லை' என்று மூன்றாவது விடையும் வரைவில் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. வாய் திறவாதவர் வெண்மையை விரும்புபவராகவே கொள்ளப்படுகின்றார்.

நேயர்களிற் சிலர், 'நான் இருள் முறையைத் தெரிந்தும் இன்ன பக்கம் வெள்ளையாகவே நிற்கின்றதே' என்று குறைகூறக் கேட்டிருக்கின்றேன். காரணம் எளியது. ஒளி மூன்று வாசல்களைக் கடந்து வருகின்றது. முதலாவது கருவியின் அமைப்பு. இரண்டாவது உலாவியின் அமைப்பு. கருவியைப் பின்பற்றுக, ஒளி, இருள் என்னும் மூன்றில் ஒன்றை அங்கே தெரியலாம். மூன்றாவது பக்கத்தை எழுதியவரின் விதி. அவர் இருண்ட உடையைத் தைத்து வைக்காவிடின் உலாவி கேட்டும் பயனில்லை. உலாவியே வலிந்து நிறங்களைப் புரட்டச் செய்யும் துணைநிரல்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன, சிலவேளை கரிய எழுத்தைக் கரிய பின்னணியிலே விட்டுவிடுகின்றன. 1998 இல் வாசகருக்குக் கொடுக்கப்பட்ட உரிமையோடு ஒப்பிட்டால் இது சிறியது. அன்று எந்த நிறத்தையும் தாமே விதிக்கலாம் என்றிருந்தது. இன்று வேறொருவர் தைத்த இரண்டு உடைகளில் ஒன்றைச் சுட்டலாம். எனினும் அன்றைய உரிமையைச் சிலரே கையாண்டனர், இன்றைய தெரிவைக் கிளிநொச்சியில் உள்ள பாட்டியும் பேரனும் கையாளுகின்றனர். எது பெரிது என்று எளிதில் தீர்ப்புக் கூற முடியாது.

கருந்திரையின் பெருமைகளாகச் சொல்லப்படுவனவற்றையும் சற்று நிறுத்துப் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் பர்தூ பல்கலைக்கழக ஆய்வாளர் 2021 இல் அளந்தபோது, திரையின் ஒளி முழு அளவில் இருக்கையில் இருள் முறை 39 முதல் 47 சதவீதம் வரை மின்வலுவை மிச்சப்படுத்தியது. ஆனால் வீட்டினுள் நாம் வழக்கமாக வைத்திருக்கும் 30 முதல் 50 சதவீத ஒளியில், மிச்சம் 3 முதல் 9 சதவீதமே. கண்ணைப் பற்றிய செய்தியும் அத்தகையதே. ஜேர்மனியின் டுசல்டோர்வ் பல்கலைக்கழகத்தார் 2013 இல் வெளியிட்ட ஆய்விலே, இளையோரும் முதியோரும் வெண்மையிற் கருமை எழுத்தையே திருத்தமாக வாசித்தனர். வெளிச்சமான பரப்பைப் பார்க்கும்போது கண்மணி சுருங்குகின்றது. சுருங்கிய கண்மணியில் உருவம் கூர்மையாக விழுகின்றது. உருட்சிப் பிழையுடைய கண்களுக்குக் கரிய பரப்பின் வெளிய எழுத்து கசிந்து பரவித் தோன்றும். நம் தமிழெழுத்திலே இது கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. ண, ன, ஞ போன்ற எழுத்துக்களின் சுழிகளுக்குள்ளே உள்ள வெற்றிடம் சிறியது. கோடு ஒளிபெற்றுத் தடித்தால் அச்சுழி அடைபட்டதுபோலாகும். மெய்யெழுத்தின் புள்ளியும் தலைமேல் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தை அமைப்போர் தூய வெண்மையை விட்டு மங்கிய வெண்மையையும், தூய கருமையை விட்டு அடர்சாம்பலையும் கொள்ளுதல் தமிழுக்கு நலம்.

ஆயின் இருட்டறையில் நிலைமை வேறு. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியபோது, போருக்குப் பின்னர் மின்வலையோடு மீண்டும் இணைக்கப்பட்டிருந்த கிளிநொச்சியும் இருளில் மூழ்கிற்று. அப்போது பாடக்குறிப்புக்கள் பலவும் கைத்தொலைபேசிக்குள் இருந்தன. சுற்றிலும் இருள், நடுவில் ஒரு வெண்திரை. விழி இருளுக்கு விரிந்திருக்க, அதற்குள் வெள்ளை ஒளி பாய்ந்தது. முன்னைய தலைமுறை போத்தல் விளக்கின் எண்ணெயைக் கணக்கிட்டதுபோல, இத்தலைமுறை மின்கலத்தின் சதவீதத்தைக் கணக்கிட்டது. அந்த நேரத்தில் திரையின் ஒளியளவைத் தாழ்த்துவதே முதற் பரிகாரம்; மின்கலமும் அதனாலேயே அதிகம் மிஞ்சும். இருள் முறை அதற்கடுத்தது. ஆனால் அருகே உறங்கும் குழந்தைக்கு ஒளி படாமல் வாசிக்க விரும்பும் தாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டியதில்லை. அவருக்குக் கருந்திரையே வேண்டும், அதை அவர் ஒரு தொடுகையிற் பெறவேண்டும்.

தமிழிலே எழுதப்பட்டவற்றுள் எவ்வளவு இத்தெரிவுக்கு இணங்குகின்றது என்பதும் பார்க்கத்தக்கது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா போன்ற களங்களில் எழுத்து எழுத்தாகவே இருப்பதால் நிறத்தை மாற்றுவது இயலும். விக்கிப்பீடியா 2024 இல் இருள் முறையை அறிமுகப்படுத்தியபோது, முன்பு தொண்டர்கள் அட்டவணைகளுக்குள் கையால் எழுதிவைத்த நிறங்களே இடையூறாயின. அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தவேண்டியிருந்தது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் 2005 முதல் எண்ணிமப்படுத்தி வைத்திருக்கும் நூலகம் தளத்திலோ, பெரும்பாலான பக்கங்கள் வருடப்பட்ட படங்கள். படத்துக்குள் இருக்கும் வெண்மை உலாவியின் கேள்விக்குச் செவிசாய்ப்பதில்லை. வலிந்து புரட்டினால், பழுப்பேறிய தாள் நீலம் பாய்ந்த கருமையாகின்றது, எழுத்தை வாசிக்கலாம். ஆனால் பழைய பத்திரிகையின் புகைப்படத்திலே வேட்டி கறுப்பாகவும் தலைமயிர் வெள்ளையாகவும், படச்சுருளிற் காண்பதுபோல மனிதர்கள் நிற்கின்றார்கள். அங்கே மட்டும், முகத்தைப் பார்ப்பதற்காக வெண்திரைக்குத் திரும்பவேண்டியிருக்கின்றது.